நெளிவெடுத்த ஸ்டீல் டிரம்

வீட்டில் நெளிந்து கிடப்பதையெல்லாம் தட்டிச் சமமாக்கு என்று ரோபோவிடம் சொல்லிவிட்டு, டிரினிடாட் வெயிலில் சுகமாகத் தூங்கியவன் நான். எழுந்தபோது மனைவி ஆவ்ரில் வாசிக்கும் ஸ்டீல் டிரம் நெளிவே இல்லாமல் தாம்பாளம்போல் மினுங்கியது. அவளுடைய ஸ்வரங்களெல்லாம் அந்த நெளிவுகளில்தான் இருந்தன. கார்னிவல் இசைப் போட்டியோ நாளைக்கு.

ஆவ்ரில் சுத்தியலோடு உட்கார்ந்தாள். யாரோ வீசிய எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டியே வாத்தியம் செய்தவர்களின் பேத்தி அல்லவா!

"கோபமா?"

"வெளிச்சத்த மறைக்காத."

"தோசை சுடட்டுமா?"

"ம்."

மாலைக்குள் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் கணீரென்று திரும்பி வந்தன. எனக்குக் கண் கலங்கியது. மறுபடி சமமாக்க ரோபோ ஆசையாக டிரம்மின் கிட்டே நகர்ந்தது, பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

"கோபம்தானே? சொல்லிடேன்."

"ரொம்பக் கோபம். நாளைக்கு ஜெயிச்சுட்டு வந்து உன்னைத் தட்டி நிமிர்த்தறேன்."