வாங்க டீச்சர்

மழை பெய்தாலும் அந்த ஆள் மாதா கோயிலுக்குள் வருவதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே முழுப் பூசையும் கேட்பார். முடிந்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பிவிடுவார்.

டீச்சருக்கு இது பொறுக்கவில்லை.

கோயிலின் வரவேற்புக் குழுவுக்கு அந்த அம்மாதான் பொறுப்பு. ரிட்டையராகி, போன வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்தவர். வந்த மூன்றாம் மாதமே குழுவைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று அவர் சொல்லும் "வாங்க, வாங்க" தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால் பெயரே 'வாங்க டீச்சர்' என்று ஆகிவிட்டது.

குறை சொல்ல முடியாது. விவாகரத்து ஆனவர்கள், ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள், திருநங்கைகள், சாமியே இல்லை என்று சொல்லிக்கொண்டு பாட்டு கேட்க மட்டும் வருகிறவர்கள், எல்லாருக்கும் அந்தக் கோயிலில் இடம் உண்டு. 'இங்கே யாரும் வெளியாள் இல்லை' என்று ஃபாதர் வாசலில் பலகையே வைத்திருந்தார்.

அந்தப் பலகைக்கு நேர் எதிரே ஒருத்தர் வெளியே நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறார்," என்றார் டீச்சர், மணியடிக்கும் பெரியவரிடம்.

"அவரை விட்டுடுங்க டீச்சர். நின்னுட்டுப் போகட்டும்."

"நீங்க எல்லாரும் இப்படி விட்டதாலதான் அவர் அங்கேயே நிக்கிறார்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க அங்கே ஆள் இருந்தால்தானே? டீச்சர் அதற்குள் கேட்டுக்குப் போய்விட்டார்.

கேட்டருகே நின்றவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத வார்னிஷ் வாடை. பாவம், கூச்சம்தான் காரணம் என்று டீச்சர் அந்த நிமிடமே முடிவு கட்டினார்.

"தம்பி, உள்ள வாங்க."

"இல்ல டீச்சர், இங்கேயே நல்லா கேக்குது."

"சட்டை பழசுன்னு யோசிக்கிறீங்களா? இங்க யாரும் அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"அதில்ல டீச்சர். என்னை விட்டுடுங்க. அதுவும் இன்னிக்கு வேண்டவே வேண்டாம்."

"நாள் நட்சத்திரம் பாத்தா வரணும் கோயிலுக்கு? வாங்க."

டீச்சர் கையைப் பிடித்துவிட்டார். அக்கா வயதில் இருக்கும் ஒருத்தர் கையைப் பிடித்து இழுக்கும்போது உதறிவிட்டு ஓடவா முடியும்? அவர் பின்னாலேயே வந்தார்.

உள்ளே நல்ல கூட்டம். இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு இடம்தான் காலி. பல் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில். டாக்டரம்மா கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார். டீச்சர் பாலிஷ்காரரை அங்கே உட்காரவைத்து, எழுந்து ஓடிவிடாதபடி பெஞ்சு ஓரத்திலேயே காவலுக்கு நின்றார்.

"நான் போறேன் டீச்சர். கெஞ்சிக் கேக்குறேன்."

"உட்காருங்க. இதை உங்க வீடா நினைச்சுக்குங்க," என்று காதோரம் சொன்னார் டீச்சர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் பொலபொலவென்று மடியில் விழுந்தது. அதைப் பார்த்து டீச்சருக்கு மனசு நிறைந்துபோயிற்று.

அப்போதுதான் டாக்டரம்மா கண்ணைத் திறந்து பக்கத்தில் திரும்பினார். பார்த்தவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, மறுபக்கமாகப் பெஞ்சைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. அன்றைய பூசையே டாக்டரம்மாவின் மகளுக்காகத்தான். ஒரே மகள். ஒன்பது வயதில் விபத்தில் போய்ச் சேர்ந்து அன்றோடு மூன்று வருடம். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஃபாதர் அந்தப் பிள்ளையின் பெயரை வாசிப்பார். பெற்ற பிள்ளையின் பெயரைக் கேட்கும்வரை கூட ஒரு கூலிக்காரர் பக்கத்தில் உட்கார முடியாதா?

கோபத்தோடு பின்னாலேயே போனார்.

டாக்டரம்மா காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீங்க படிச்சவங்க டாக்டரம்மா. நீங்களே இப்படிப் பண்ணலாமா? வார்னிஷ் வாடை அடிச்சா அவர் மனுஷன் இல்லையா?"



"அவர் முன்னாடி ஸ்கூல் வேன் ஓட்டிட்டிருந்தார் டீச்சர்," என்றார் டாக்டரம்மா. "என் பொண்ணு போன வேன். இறங்கினவ கீழ விழுந்த பென்சிலை எடுக்க வேனுக்குப் பின்னாடி குனிஞ்சிருக்கா. அவர் பாக்காம வண்டியைப் பின்னாடி எடுத்துட்டார். வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த முகத்தைப் பார்த்தா எனக்கு மூச்சு முட்டுது. நானும் எவ்வளவோ வேண்டிப் பார்த்துட்டேன். முடியல."



ஒலிபெருக்கியில் ஃபாதர் அந்தப் பிள்ளையின் பெயரை வாசித்தார். டாக்டரம்மா கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு, வெயிலில் நின்று அதைக் கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ போனப்புறம் முதல் தடவை நான் இங்க வந்தப்ப அவர் உள்ளதான் இருந்தார். எனக்குப் படி ஏற முடியல, அப்படியே நின்னுட்டேன். என்னைப் பார்த்துட்டு அவர் எழுந்து வெளிய போனார். அன்னையிலேருந்து உள்ள வரல."

"எனக்குத் தெரியாதும்மா. எல்லாரும் உள்ள இருக்கணும்னுதான் நான்..."

"தெரியும் டீச்சர். ஆனா இத்தனை நாள் நான் உள்ள உட்கார முடிஞ்சதே அவர் வெளிய நின்னதாலதான்."