கீறல் விழாத வண்டி

வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த அப்துல் சுபான் சட்டையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. "ஒரு கீறல் இல்லைங்க," என்றார். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரத்துப் போலீஸ் ஸ்டேஷன் அது. காலையில் ரோந்து போன வேன் குண்டுவெடிப்பில் மாட்டிக்கொண்டது என்று தருமபுரியில் இருக்கும் அவருடைய லாரி பாடி கட்டும் பட்டறைக்குத் தகவல் வந்தது. அந்த வேனைக் கட்டியவர் அவர்தான். விழுந்தடித்துக்கொண்டு வந்து பார்த்தால் வேன் வேப்பமரத்தடியில் சமர்த்தாக நிற்கிறது. ஒரு பக்கக் கண்ணாடியில் புழுதி, கதவில் கல் பட்ட தழும்பு, அவ்வளவுதான்.

"ஆளுங்க எங்கங்க?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க பாய். எஸ்.ஐ. ஐயா வந்து சொல்லுவாரு," என்றார் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சென்றாயன். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

போன வருடம் இதே சாலையில் ஒரு போலீஸ் ஜீப் கண்ணிவெடியில் சிக்கி வெடித்தது. அதன் மிச்சத்தைச் சுபானின் பட்டறையில்தான் கொண்டுவந்து போட்டார்கள். தரைத் தகடு மேல்நோக்கிக் கிழிந்திருந்தது. கிழிசலில் மாட்டியிருந்த பூட்ஸை உருவி எடுத்தவர் அவர்.

அன்றிலிருந்து தரைக்கு அடியில் யாரோ தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. தொழும்போது நெற்றி தரையில் பட்டால் கேட்கும். பட்டப்பகலில் பட்டறையின் சுத்தியல்கள் கொஞ்சம் ஓய்ந்தாலும் கேட்கும். மனைவி பரிதா தாயத்து கட்டிவிட்டாள், தாயத்தைத் தாண்டியும் கேட்டது.

அதனால்தான் இந்த வேனைக் கட்டச் சொன்னபோது பேய் பிடித்தவர் மாதிரி உழைத்தார். ஓட்டுக்கூரையைத் தலைகீழாகத் திருப்பியதுபோல அடித்தகட்டை இரண்டு பக்கமும் சரித்தார். கீழே வெடித்தால் வேகம் பக்கவாட்டில் சிதறிப் போய்விடும். இருக்கைகளைத் தரையில் பதிக்காமல் கூரையிலிருந்து தொங்கவிட்டார். பாய் போலீசுக்குத் தொட்டில் கட்டுகிறார் என்று பஜாரே சிரித்தது.

ஒப்படைத்த அன்று டிரைவர் தீர்த்தகிரி டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். "நீங்க எத்தன தகடு போட்டாலும் சரிங்க பாய், கணவாய் முனியப்பனுக்குச் சூடம் காட்டாம அந்த எறக்கத்துல நான் வண்டிய வுடமாட்டேன்," என்றான். எந்த டிரைவர்தான் விடுவான் என்று சுபானும் சிரித்தார். கூட வந்திருந்த அவன் மனைவி கோவிந்தம்மாளிடம், "உள்ள உக்காந்திருக்கற வரைக்கும் உங்க வூட்டுக்காரு என் பொறுப்பும்மா," என்று வாக்கும் கொடுத்தார்.

அந்தக் கோவிந்தம்மாள்தான் இப்போது இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள்.

"அவரு எங்கங்க பாய்? இங்க யாரும் வாயே தொறக்க மாட்டேங்கறாங்க."

"பதறாதம்மா. மொதல்ல வண்டியப் பாரு."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தொட்டில் இருக்கைகள் ஆடாமல் தொங்கின. கீழே பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. டிரைவர் இருக்கைக்கு அடியில், அறுந்த வாருக்கு ஊக்குப் போட்ட ரப்பர் செருப்பு.

"செருப்பு இங்க கெடக்குதுங்களே."

"ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல வுட்டுட்டுப் போயிருப்பான். சத்தத்துல காது அடைச்சிருக்கும், டாக்டர் பாத்துட்டு அனுப்பிருவாரு. அடித்தகடு கருகக்கூட இல்லம்மா. உள்ள இருந்தவனுக்கு என்ன ஆயிருக்கப் போவுது?"

"சத்தியமாங்களா?"

"அல்லா மேல ஆணையா."

கோவிந்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "காலையில வெறும் வயித்தோட போனாருங்க. வூட்டுக்குப் போயி களி கிண்டி வெக்கறேன்."

"போம்மா. கொழம்புல காரத்தக் கொறச்சுப் போடு."

அவள் அந்தச் செருப்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தாள். அதற்கு ஒரு வார் தைத்துவிட வேண்டும் என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

சுபான் வேனுக்குள் ஏறி முழங்காலிட்டுத் தரைத் தகட்டில் காதை வைத்தார். சத்தம் இல்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு தரைக்கு அடியில் யாரும் தட்டவில்லை. அப்படியே நெற்றியை வைத்து இறைவனுக்கு நன்றி சொன்னார்.

வெளியே ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. கிருஷ்ணப்பன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"யாரும் பொழைக்கலைங்க பாய்."

சுபானுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. "இல்லீங்களே... நான் பாத்தேனுங்களே. வண்டிக்கு அடியில ஒரு கீறல் இல்லைங்களே."

சாலையின் திருப்பத்தில் கோவிந்தம்மாளின் சேலை இன்னும் தெரிந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார். அவர் முழங்காலுக்குக் கீழே, தகட்டுக்கு அடியில், யாரோ மெல்லத் தட்ட ஆரம்பித்தார்கள்.

எஸ்.ஐ. அந்தப் பூட்ஸ் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முனியப்பனுக்குச் சூடம் கொளுத்தற கல்லுக்கு அடியில குண்டு வெச்சிருந்தானுங்க, பாய்."