தவிலுக்குப் போட்ட இலை

அந்தக் கல்யாண மண்டபத்தில் வாத்தியக்காரர்களுக்குப் பெயர் கிடையாது. “நாதஸ்வரம் உட்காருங்க, தாளம் இப்படி வாங்க” என்று பரிமாறுகிறவர் கூப்பிட்டார். மூன்றாவது இலையில் பூங்கோதை உட்கார்ந்தாள். அன்றுதான் முதன்முறையாக அப்பா இல்லாமல் தனியாக வாசித்தாள். அதுவரை எல்லோருக்கும் அவள் ‘செங்கல்வராயன் மக’.

“எந்திரிம்மா, இது தவிலுக்குப் போட்ட இலை.”

அவள் எழவில்லை. வாசிப்பதற்காக விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இலையோரம் வைத்தாள்.

“கெட்டிமேளத்துக்கு அந்த அடி அடிச்சது நீயா தாயி?”

“ஆமாண்ணே. பசிக்குது.”

அவர் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். “தவிலுக்குச் சூடா இன்னொரு வடை கொண்டாங்கடா!”

வடை வந்தது. பூங்கோதை உடனே தொடவில்லை. அந்தக் குரல் மண்டபம் முழுக்க ஒருமுறை போய்வரட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.