மூன்றாவது ஆள்

மலைதீபத் திருநாளன்று காலை லாட்ஜ் முதலாளி நமசிவாயம் கறாராக மறுத்தார். "ரெண்டு பேர் இருக்கற எடம், மச்சான். மூணாவது ஆளு வந்தா அடிதடிதான். மூச்சு முட்டியே செத்துடுவாங்க."

"சின்ன ஆளு மாமா. ஒரு மூலையில கெடக்கட்டும்," என்றான் பாண்டிச்சேரியிலிருந்து வந்த மைத்துனன்.

"சின்னதா இருந்தா பெருசு கடிச்சே கொன்னுடும்."

மைத்துனன், கடல்மீன் நீந்திய பாலிதீன் பையை எடுத்துக்கொண்டு போனான். கூடத்துக் கண்ணாடித் தொட்டியின் உப்புத் தண்ணீரில் இரண்டு மீன்கள், காலில்லாமலே காலாற உலாவின.

அறைக்குப் பதினைந்து பேரை அடைத்து, தன் அறையையும் வாடகைக்கு விட்டிருந்த அந்த மகா கெட்டிக்காரர், மலைதீபம் பார்த்துவிட்டு இரவு வந்து, படுக்கத் தொட்டிக்கு அடியில் பாயோடு குனிந்தார்.

காலையிலிருந்தே அங்கே படுத்திருந்த இரண்டு பக்தர்களில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரெண்டு பேர் இருக்கற எடம் சாமி. மூணாவது ஆளு வந்தா அடிதடின்னு நீங்கதான சொன்னீங்க?"