மிச்சப் பொட்டலம்

பொட்டலத்தைப் பிரித்தவன் கை அப்படியே நின்றுவிட்டது.

வெள்ளரளி.

உள்ளே வெள்ளை இருக்க வழியே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைக்கச் சொன்னவன் அவன்தான். கரட்டம்மன் கோயில் பூசாரி.

"என்ன பூவுங்க பூசாரியண்ணா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அவன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினான்.

பாதி ஊர் குலவையிட்டது. பாதி ஊர் வாயடைத்து நின்றது.

ஊரை ஒட்டிய பாறைக் குன்றான கரட்டைக் கல்குவாரிக்கு விடலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டே கீழே இறங்குவார்களாம். பக்கத்து ஊர்க் கரடு அப்படித்தான் முதலில் மொட்டையானது, பிறகு பள்ளமானது. இப்போது அதற்குள் ஆடு விழுந்தால் ஆடு போனதுதான். ஆனாலும் அந்த ஊரில் டிப்பர் ஓட்டப் போன பையன்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி போகவில்லை. கிராம சபையில் நாற்காலி பறந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி செங்கோடன். குவாரிக்காரர்களுக்காக ஊருக்குள் ஆள் சேர்ப்பவன்.

கடைசியில், ஆத்தாளையே கேட்டுவிடுவோம் என்று இரண்டு தரப்பும் இறங்கி வந்தது.

வெள்ளை வந்தால் கரட்டைத் தொடக் கூடாது. சிவப்பு வந்தால் கொடுத்துவிடலாம்.

பொட்டலம் கட்டுவது பூசாரி வீட்டுப் பெண்ணின் வேலை. விரதமிருந்து, தலை முழுகி, கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி என்று தேக்கிலையில் மடித்து நார் சுற்றுவாள். அதில் ஒன்றை எடுப்பது ஒரு குழந்தை. பிரிப்பது மட்டும்தான் பூசாரி.

அதனால்தான் அவன் மனைவி பாவாயியிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. மகன் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். சிவப்பு வந்தால் கிரஷரில் சூப்பர்வைசர் வேலை என்று செங்கோடன் ஆசை காட்டியிருந்தான்.

"ரெண்டுலயும் செகப்பையே வெச்சிரு புள்ள."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

கழுவின லட்சணம் இப்போதல்லவா தெரிகிறது.

இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டாள்.

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமில்லை. சுனையில் விட்டுவிடுவார்கள். பூசாரி அதைச் சட்டென்று எடுத்து மடியில் செருகப் போனான்.

"பூசாரி, அதையும் பிரிங்க."

செங்கோடன்தான். பூசாரி தன்னை ஏமாற்றி இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டான் என்பது அவன் கணக்கு. அந்தச் சாயம் ஊர் முன்னால் வெளுத்துவிட்டால் இந்தத் தீர்ப்பு செல்லாது.

"வழக்கமில்லீங்களே" என்றான் பூசாரி.

"பிரிச்சுத்தான் காட்டுங்களேன்!" கரட்டைத் தொடக் கூடாது என்ற பக்கத்திலிருந்தே ஒரு குரல் வந்தது. ஜெயித்தவர்களுக்கு என்ன பயம்?

பயமெல்லாம் அவனுக்குத்தான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. இதுவும் வெள்ளை என்று தெரிந்தால் பாவாயியை என்ன செய்வார்கள்? ஆத்தாள் பேரில் பொய் கட்டிய வீட்டுக்கு இந்த ஊர் ஒரு வாய்த் தண்ணீர் தராது.

பெண்கள் பக்கம் பார்த்தான்.

பாவாயி ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். பயந்தவள் மாதிரியே இல்லை.

பைத்தியக்காரி.

என்ன ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்க முடியாது. நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அந்த நினைப்போடு நாரின் முடிச்சில் விரலைக் கொடுத்தான்.

"நாந்தான்..." என்று ஆரம்பித்தான்.

அதற்குள் நார் கையோடு வந்துவிட்டது. இலை விரிந்தது.

செவ்வரளி.

இந்த முறை குலவை கரட்டில் மோதித் திரும்பி வந்தது. குவாரி வேண்டும் என்ற பக்கத்துக் கிழவர் ஒருவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டார். செங்கோடன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். இரண்டும் சிவப்பாக அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று ஊர் முன்னால் எப்படிக் கேட்பான்?

பூசாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. மகனுக்கு வேலை போனதுகூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஆத்தாள் பேரில் அவன் சொல்ல இருந்த பொய்யை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நிம்மதியே போதுமாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பாவாயி வந்து தேங்காய் மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நாஞ் சொன்னத ஏம்புள்ள செய்யல?"

"ரெண்டுலயும் ஒரே பூவ வெச்சுட்டா, அப்பறம் ஆத்தாளுக்கு என்னங்க வேல?"

அவனும் ஒரு தேங்காய் மூடியைப் பொறுக்கிக் கூடையில் போட்டான்.

பிறகு கேட்டான்.

"செகப்பு வந்திருந்தா?"

அவள் நிமிர்ந்து கரட்டைப் பார்த்தாள். உச்சிப் பாறையில் யாருடைய ஆடோ ஏறி நின்றுகொண்டிருந்தது.

"அழுதிருப்பேனுங்க" என்றாள்.