அண்ணனுக்காக வந்தவன்

“இன்னிக்காவது அண்ணனை விட்டுட்டு உங்களப் பத்திப் பேசுங்க தம்பி” என்றார் கலியாணசுந்தரம்.

காஜா பேராங் பகுதியில் ஹாஜா பாயின் சாப்பாட்டுக்கடைப் பின்னறை. சுவரோர மேசையில், கூட்டத்தை நடத்தும் குமாஸ்தா கலியாணசுந்தரம். அவருக்கு இடப்பக்கம், கவிழ்த்த பலகைப் பெட்டியின் மேல், லாரி ஓட்டும் சுப்பையன். சன்னலடி பெஞ்சில் அஞ்சலை. கதவுக்குப் பக்கத்தில், எழுந்து ஓடத் தயாரானவனைப் போல, தியாகு. அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வழக்கமாக உட்காருகிறவர்கள் எல்லாருமே ஒரு காலத்தில் குடித்துக் கெட்டவர்கள். ஹாஜா பாய் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

“அண்ணனுக்குத்தான் ஐயா உதவி வேணும்” என்றான் தியாகு. “போன வாரமே சொன்னேனே. புக்கிட் ரம்பாய்ல ஒரே வீட்டுலதான் இருக்கோம். சம்சுச் சாராயம் குடிச்சுக் குடிச்சுக் கண்ணெல்லாம் மஞ்சளாப் போச்சு. சோறு இறங்கல. யாராச்சும் வந்து பேசுனா கேப்பாரு.”

சுப்பையன் சிரித்துவிட்டான். “நான் மொத நாள் வந்தப்ப, எல்லாம் மச்சானுக்காகன்னு சொன்னேன். எனக்குக் கல்யாணமும் ஆகல, கூடப் பொறந்தவளும் கிடையாது. மச்சான் எங்கிருந்து வந்தான்?”

“நான் பக்கத்து வீட்டுக்காரிக்குன்னு சொன்னேன்” என்றாள் அஞ்சலை. “அது அவ காதுல விழுந்து தொடப்பத்தோட வந்துட்டா!”

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. அவரும் ‘தம்பிக்காக’ என்று சொல்லிக்கொண்டு வந்தவர்தான். அந்தப் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டு ஓராண்டை வீணாக்கினார். அதற்குள் மனைவி பாக்கியலட்சுமி பிறந்த வீட்டுக்குப் போனவள், போனவள்தான். இந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதி வரக்கூடாது.

“எங்க வழக்கம் ஒண்ணு உண்டு தம்பி” என்றார். “குடிக்கிறவர நாங்க தேடிப் போறதில்ல. போனா அடிதடியிலதான் முடியும். ‘நான் குடிக்கிறேன்’னு இங்க வந்து தன் வாயால சொன்னவருக்கு மட்டும் வீட்டுக்கு ஆள் வரும். வைத்தியர்கிட்டக் கூட்டிப்போறதுலருந்து எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்.”

தியாகு நிமிர்ந்தான். “சொன்னா வருவீங்களா?”

“கட்டாயம் வருவோம்.”

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நான்தான் குடிக்கிறேன்” என்றான்.

அஞ்சலை கைகூப்பினாள். சுப்பையன் எழுந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டான். “வெள்ளைக்காரன் போயி நாட்டுக்கு மெர்டேக்கா கிடைச்சு ஒரு வருஷமாச்சு. நமக்கும் ஒவ்வொருத்தரா வருது பாருங்க!”

“அப்ப இப்பவே கிளம்புங்க ஐயா” என்று தியாகு பரபரத்தான். “கடைசி பஸ் இருக்கு.”

“சொன்ன வேகத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்” என்று கலியாணசுந்தரம் கனிவோடு தட்டிக்கொடுத்தார். “ரெண்டு ராத்திரி தனியாத் தாங்கிப் பாருங்க. செவ்வாய்க்கிழமை வரோம்.”

“இன்னிக்கே வந்தா நல்லாயிருக்கும் ஐயா...”

“அட, எங்கள நம்புங்க தம்பி.”

செவ்வாய் மாலை சொன்னபடி கலியாணசுந்தரமும் சுப்பையனும் புக்கிட் ரம்பாயில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். தியாகு காத்துக்கொண்டு நின்றான். தலையில் முடியில்லை, மீசையும் இல்லை.

“அடேயப்பா, மொட்டை! முருகனுக்கு நேர்ந்துக்கிட்டீங்களா?” சுப்பையன் அவன் தோளில் கைபோட்டான். “பலே ஆளு! நான் ஒத்தத் தேங்காயோட முடிச்சுக்கிட்டேன்.”

தியாகு அவர்களைத் தேத்தண்ணிக்கடை பெஞ்சுக்கு அழைத்துப்போனான். கலியாணசுந்தரம் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். குடியை விட்டவனின் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுவது அவர் வழக்கம்.

“யாருக்கு எழுதணும் தம்பி?”

“அண்ணிக்கு ஐயா. பேரு விஜயா. குடி தாங்காம ரெண்டு பிள்ளைங்களோட நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிட்டாங்க.”

“இன்னும் அண்ணிதானா?” என்று சுப்பையன் கண்ணடித்தான்.

கலியாணசுந்தரம் அவனை முறைத்துவிட்டு, எழுத்தெழுத்தாக எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். “அன்புள்ள தங்கை விஜயாவுக்கு, உங்கள் கணவர் தியாகு...”

“சேதுராமன்னு எழுதுங்க ஐயா.”

பேனா நின்றது.

“அண்ணன் பேரு அதுதான். ஞாயித்துக்கிழமை நான் திரும்பி வரும்போது ரத்தமா வாந்தியெடுத்துக் கிடந்தாரு. விடியறதுக்குள்ள போயிட்டாரு. நேத்து நான்தான் கொள்ளி வச்சேன்.”

சுப்பையனின் கை அவன் தோளிலிருந்து நழுவியது. “அப்ப நீங்க...?”

“நான் ஒரு நாளும் தொட்டதில்லண்ணே. அப்படிச் சொன்னாத்தான் வீட்டுக்கு வருவோம்னு சொன்னீங்க.”

கலியாணசுந்தரம் அந்தத் தாளைக் கிழித்தார். வேறொரு தாள் எடுத்து விஜயாவுக்குச் சாவுச் செய்தியை எழுதி, உறையை ஒட்டி, சாலையோரத் தபால்பெட்டியில் அவரே போட்டார்.