உள்ளங்கை அரிப்பு

பெயின்டர் தன் உள்ளங்கையை நாற்காலி விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். பெயின்ட் சேராமல் வந்த அரிப்பு என்று நம்பி, சுவர் தேய்க்கும் உப்புத்தாளாலேயே தேய்த்ததில் தோல் வழன்று கிடக்கிறது. எதிரே டாக்டரம்மா அவருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார். பக்கத்தில் மனைவிக்குச் சிரிப்பு. "கொழுப்பு பாதியா கொறஞ்சிருச்சாமே. இனி இவருக்கு வாய்க்கொழுப்பு மட்டுந்தான் மிச்சம்." டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது நல்லதுக்குக் கொறையலம்மா. கொழுப்பை உண்டாக்குறதும், அதை உடைச்சுப் பித்தமாக்கிக் குடலுக்கு அனுப்புறதும் கல்லீரல்தான். ரொம்ப நாளா கெட்டுப்போய் அதுக்கு இப்ப ரெண்டுக்குமே தெம்பில்ல. செஞ்ச கொஞ்சப் பித்தமும் வெளியே போகாம ரத்தத்துல தேங்குது. அதான் அரிப்பு." "மெஷினு சொல்றதையெல்லாம் நம்புறதா?" என்கிறார் பெயின்டர். டாக்டரம்மா அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண் இமையை விரலால் இறக்கிப் பிடிக்கிறார். மத்தியான வெயில் கண்ணுக்குள் விழுகிறது. அவருக்கு டாக்டரம்மா தெரியவில்லை, குனிந்து எட்டிப்பார்க்கும் மனைவியின் முகம்தான் தெரிகிறது. அதில் இருந்த சிரிப்பு வடிந்துகொண்டிருக்கிறது. "என்னடி, ரொம்ப மஞ்சளா இருக்கா?" "வெயிலுக்கு அப்படித் தெரியுதுங்க" என்கிறாள். சொல்லிக்கொண்டே எழுந்துபோய், யாரையும் கேட்காமல் ஜன்னல் திரையை இழுத்து மூடுகிறாள்.